மாட்டுச் சாணமும் பருத்திக் கட்டையும்: இந்தூரில் நடந்த கதை



போன கிழமை வெட்டு முடிந்த வட்டைப் பக்கம் இரண்டு நாளாகப் புகை. வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். அதே வரம்பால் திரும்பி வரும்போது மாட்டுப் பட்டியடியில் சாணம் குவிந்து கிடக்கிறது, பெய்த மழையில் கரைந்து வாய்க்காலுக்குள் போகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஒரு மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

அவர் பெயர் அல்பேர்ட் ஹவார்ட். இங்கிலாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1905ல் இந்தியாவுக்கு வந்து பூசா ஆராய்ச்சி நிலையத்தில் தாவரவியலாளராக வேலை செய்தார். 1924ல் மத்திய இந்தியாவின் இந்தூருக்குப் போனார். அங்கே அவருக்குப் பணம் கிடைத்தது பசளைக்காக இல்லை, பருத்திக்காக. ஆனால் நல்ல பருத்தி வேண்டுமென்றால் முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

அந்த ஊரில் எரு போதாது. சாணத்தில் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்புக்குப் போனது. மறுபக்கம் பருத்திக் கட்டை, துவரைக் கட்டை, கரும்புச் சோகை, களை எல்லாம் வீணாகக் கிடந்தன. இருக்கிற கொஞ்சச் சாணத்தை இந்தக் கழிவோடு சேர்த்து எப்படிப் பெருக்குவது? அதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

செய்த விதம் எளிது. கடினமான கட்டைகளைப் பண்ணைப் பாதையில் பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறி ஏறி நசுக்கிவிடும். பிறகு அது எருதுகளுக்குப் படுக்கை. சாணமும் மூத்திரமும் அதிலேயே ஊறும். தொழுவத்து மண்ணைக்கூட மூத்திரம் ஊறியது என்று தோண்டி எடுத்து, அடுப்புச் சாம்பலோடு கலந்து தூவினார்கள். 30 அடி நீளம், 14 அடி அகலமான ஆழமில்லாத குழியில் இவற்றை அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளித்து, மூன்று தடவை புரட்டிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் எரு தயார்.

உள்ளே நடப்பது இதுதான். சாணத்தில் நைதரசன் கூட. தனியே குவித்தால் ஈரம் கட்டிக் காற்றுப் போகாது, நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். மூக்கில் ஏறும் அந்தக் காரமான நெடி எங்கட பசளை போகிற நெடிதான். வைக்கோலில் காபன் கூட. அதை மட்டும் வயலில் புதைத்தால், உக்கவைக்கும் நுண்ணங்கிகள் தங்களுக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். நைதரசன் 1 பங்குக்குக் காபன் 33 பங்கு அளவில் தொடங்கினால் குவியல் சூடேறி நன்றாக உக்கும் என்று ஹவார்ட் கண்டார். அந்தச் சூட்டில் களை விதையும் சாகும்.

1931ல் இதைப் புத்தகமாகப் போட்டார். அட்டையில் இன்னொரு பெயரும் இருக்கிறது: யஷ்வந்த் வாட், அங்கே இருந்த இரசாயனவியலாளர். அவரை இன்று யாரும் சொல்வதில்லை. சீன விவசாயிகள் காலங்காலமாகச் செய்து வந்ததிலிருந்து படித்தேன் என்று ஹவார்டே ஒத்துக்கொண்டார். பிறகு இந்த முறை கென்யாவின் கோப்பித் தோட்டங்களுக்குப் போனது, எங்கட மலையகத் தேயிலைக்கும் வந்தது.

இனி 2021. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது, நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். அந்தப் போகம் வாப்பா பட்டியிலிருந்து நாலு பெட்டி பச்சைச் சாணம் ஏற்றி அப்படியே பரவினார். களைதான் கொழுத்தது. “சேதனப் பசளை என்டா இதுதானே மகன்?” என்று அவர் கேட்டபோது எனக்கும் பதில் தெரியாது. பயிற்சிக் கல்லூரியில் படித்தது பரீட்சையோடு போய்விட்டது.

ஒழுங்காகச் செய்திருந்தாலும் ஒரே போகத்தில் யூரியாவின் இடத்தைக் கூட்டெரு பிடித்திருக்காது, அதையும் சொல்ல வேண்டும். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன். கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று என்று வைத்தாலும் அதே நைதரசனுக்கு இரண்டு தொன்னுக்கு மேல் வேண்டும், அதுவும் மெதுவாகத்தான் விடும். இந்தூரில் ஏழு வருடம் எடுத்த வேலையை எங்களிடம் ஏழு மாதத்தில் கேட்டார்கள்.

இந்த முறை எங்கட வைக்கோலைக் கொளுத்தவில்லை. பட்டிக்காரரோடு பேசி மாடு படுக்கும் இடத்தில் பரப்பியிருக்கிறோம், மேலே கொஞ்சம் உமிச்சாம்பல். முந்தின காலத்தில் எங்கட ஊரில் பட்டி எருவை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று தெரிந்த மூத்தவர்கள் இருந்தால், தயவுசெய்து கீழே எழுதுங்கள். வாப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.