மீன் சாவதற்கு முன்: ஒன்டாரியோ ஏரிகளில் அமில மழையின் வரலாறு

1966இல் டொரன்டோ பல்கலைக்கழக மீனியல் ஆய்வாளர் ஹரோல்டு ஹார்வி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள லம்ஸ்டன் ஏரியில் சுமார் 4,000 இளஞ்சிவப்பு சால்மன் குஞ்சுகளை விட்டார். மறு ஆண்டு தேடியபோது ஒன்றுகூட அகப்படவில்லை. அவரும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் பீமிஷும் 1972இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைச் சொன்னது. 1961இல் 6.8ஆக இருந்த ஏரியின் பி.எச். அளவு 1971இல் 4.4க்கு இறங்கியிருந்தது. பி.எச். ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். ஆகவே பத்தாண்டில் ஏற்பட்டது ஏறத்தாழ 250 மடங்கு ஏற்றம்.

அமிலம் வந்த வழியைத் தேடினால் அதே மாகாணத்தின் சட்பரி நகரத்து நிக்கல், செம்பு உருக்காலைகளுக்குப் போக வேண்டும். அங்குள்ள தாதுவில் கந்தகம் மிகுதி. தொடக்கத்தில் தாதுவை விறகின்மேல் குவித்துத் திறந்தவெளியில் வறுத்தார்கள். புகை தரையோடு பரவி அண்டையிலிருந்த காடுகளைக் கருக்கியது. இதற்குத் தீர்வாகப் புகைபோக்கிகள் உயர்ந்துகொண்டே போயின. 1972இல் எழுந்த புகைபோக்கியின் உயரம் 381 மீட்டர். ஊர்க்காற்று தெளிந்தது. புகையிலிருந்த கந்தக டைஆக்சைடோ காற்றோடு நெடுந்தொலைவு சென்று, சல்பூரிக் அமிலமாக மாறி, மழையாகவும் பனியாகவும் இறங்கியது. அமெரிக்க நிலக்கரி மின்நிலையங்களின் புகையும் இதோடு சேர்ந்துகொண்டது. நகரப் புகைக்கும் மழையின் அமிலத்துக்கும் உள்ள உறவை மான்செஸ்டரில் வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1852லேயே எழுதியிருந்தார். அந்த அமிலம் நாட்டெல்லை தாண்டும் என்று சுவீடனின் ஸ்வாந்தே ஓடன் 1967இல் எச்சரித்தார். இரண்டையும் அறிந்த பின்னரும் உயரத்தைத் தீர்வாகக் கொண்டது பெரும் பிழை.

எல்லா ஏரிகளும் ஒரே அளவில் கெடவில்லை. சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களில் மண்ணே அமிலத்தை முறித்துவிடும். லம்ஸ்டன் ஏரி இருக்கும் லா க்ளோஷ் மலைகளோ வெண்ணிறக் குவார்ட்சைட் பாறை. மேலே மெல்லிய மண். அமிலம் அந்த மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து ஏரிக்குள் கொண்டுவரும். அது மீனின் செவுள்களில் படிந்து மூச்சை அடைக்கும்.

ஆயினும் மீன் செத்து மிதப்பது கதையின் கடைசிக் கட்டமே. இதை ஐயமற நிறுவியவர் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர். வடமேற்கு ஒன்டாரியோவின் ஆய்வு ஏரிகளில் ஒன்றான 223ஆம் எண் ஏரியில் 1976 முதல் அவர் குழு சல்பூரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, எட்டாண்டுகளில் பி.எச். அளவை 6.8இலிருந்து 5.0க்கு இறக்கியது. அளவு 6ஐ நெருங்கியபோதே மைசிஸ் எனும் சிற்றிறால் ஏறக்குறைய அற்றுப்போனது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீனின் இனப்பெருக்கம் நின்றது. இவை ஏரி ட்ரவுட் எனும் பெருமீனின் இரை. பெரிய ட்ரவுட்டுகள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் தலை மட்டும் பெரிதாகத் தெரிய, உடல் வற்றி, பட்டினியில் மெலிந்தன. 5.4க்குக் கீழே எந்த மீனினமும் குஞ்சு பொரிக்கவில்லை. வேறொன்றும் கவனிக்கத்தக்கது. ஏரியின் மொத்த ஒளிச்சேர்க்கை குறையவே இல்லை. அதை மட்டும் அளந்திருந்தால் ஏரி நலமென்றே சான்றளித்திருப்பார்கள். 1985இல் வெளியான இம்முடிவு, அமில மழை ஆய்வுகளுள் மிக முக்கியமானது என்பது என் மதிப்பீடு.

பின்னர் சட்டங்கள் வந்தன: 1990இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத் திருத்தம், 1991இல் கனடா–அமெரிக்கக் காற்றுத்தர ஒப்பந்தம். சட்பரியின் கந்தக உமிழ்வு 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. பல ஏரிகளின் பி.எச். அளவு மீண்டும் ஏறியது. ஆனால் பல்லாண்டு அமிலம் மண்ணிலிருந்த கால்சியத்தையும் அரித்துச் சென்றுவிட்டது. ஓடு வளர்க்கக் கால்சியம் தேவைப்படும் டாஃப்னியா எனும் நீர்த்தெள்ளுகள் ஒன்டாரியோவின் பல ஏரிகளில் குறைந்துவருவதை 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே பி.எச். அளவை மட்டும் கொண்டு ஓர் ஏரி மீண்டுவிட்டதாக அறிவிப்பது ஏற்கத்தக்கதல்ல. கால்சியத்தையும் சிற்றுயிர்களையும் சேர்த்தே அளக்க வேண்டும்.