கரிசல் நிலமும் கான்கிரீட் வீடும்: புளியங்குடி வட்டாரக் குடியிருப்புகளில் விரிசலின் வரலாறு

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில் அமைந்த ஊர் புளியங்குடி. அடிவாரத்துச் செம்மண் நிலம், கிழக்கே சங்கரன்கோவில், கோவில்பட்டி நோக்கிச் செல்லச் செல்லக் கரிசலாக மாறுகிறது. செவற்குளம், கரிசல்குளம், இடைச்செவல் முதலிய தென்பாண்டி ஊர்ப்பெயர்கள் இம்மண் வேறுபாட்டைச் சுட்டி நிற்கின்றன. செம்மண் பகுதியிலும் குளங்களின் உள்வாயை ஒட்டிக் களிமண் படிவு உண்டு. இத்தகைய நிலங்களில் எழும் கான்கிரீட் வீடுகள் சில ஆண்டுகளில் விரிசல் காணும்போது, சிமெண்டின் தரமோ கொத்தனாரின் கைத்திறனோ குறைகூறப்படுகிறது. மண் அன்றும் அசைந்தது, இன்றும் அசைகிறது. மாறியது வீடு கட்டும் பொருளே. அம்மாற்றத்தின் விளைவாகவே இவ்விரிசலைக் காணவேண்டும் என்பதையும், மண்ணின் ஈரத்தைக் கருதாத பழுதுபார்ப்பு நிலைக்காது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மண்ணின் இயல்பு

கரிசலின் அசைவுக்குக் காரணம் அதிலுள்ள மாண்ட்மோரில்லனைட் வகைக் களிக்கனிமம். பிரான்சு நாட்டின் மாண்ட்மோரியான் என்னும் ஊரின் பெயரால் 1847இல் இது பெயரிடப்பட்டது. இதன் நுண்ணிய அடுக்குகளுக்கிடையே நீர் புகும்போது மண் பருக்கிறது. நீர் அகலும்போது சுருங்குகிறது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசற்காடு ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிக்கொள்வது இதனாலேயே. மேல்மண் வெடிப்புக்குள் விழுந்து கீழ்மண்ணோடு கலப்பதால், கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் எனப்படுகிறது. பருத்தி உழவர்க்கு நன்மை செய்த இவ்வியல்பே வீடு கட்டுவோர்க்கு இடர் தருகிறது.

வீட்டின் நடுத்தளத்துக்குக் கீழுள்ள மண் வெயிலும் மழையும் படாமல் ஏறத்தாழ ஒரே ஈரத்தில் இருக்கும். சுற்றுச்சுவரை ஒட்டிய மண்ணோ பருவந்தோறும் நனைந்து உலர்கிறது. ஒரே வீடு இருவேறு நிலத்தின்மீது நிற்பதற்கு ஒப்பான நிலை இதனால் உண்டாகிறது. சுவரோரம் தேங்கும் குளியலறை நீர், கசியும் குழாய், ஈரத்தை உறிஞ்சும் மர வேர் ஆகியவை இவ்வேறுபாட்டை மிகுவிக்கின்றன.

சுண்ணாம்பிலிருந்து சிமெண்டுக்கு

பழைய மண்சுவர் வீடுகளிலும் விரிசல் இருந்தது. ஆயினும் அது பேரிழப்பாகக் கருதப்படவில்லை. பொங்கலுக்கு முன் மண் குழைத்துப் பூசி, சாணம் மெழுகி, வெள்ளையடிக்கும் ஆண்டுப் பணியில் அதுவும் சரிசெய்யப்பட்டது. கூரையின் எடையும் குறைவு. வசதியுடையோர் கட்டிய செங்கல் வீடுகளில் சுண்ணாம்புக் காரை பயன்பட்டது; கடுக்காய் நீரும் பனைவெல்லமும் சேர்த்து அதனைப் பக்குவப்படுத்தும் வழக்கமும் இருந்தது. சுண்ணாம்புக் காரை மெல்ல இறுகுவது. சிறு அசைவைத் தாங்குவது. ஈரம் பட்டால் நுண்விரிசல்களைச் சுண்ணப் படிவால் ஓரளவு தானே அடைத்துக்கொள்வது.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1904இல் சென்னையில் சிமெண்ட் உற்பத்தி தொடங்கியது. திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949இல் உற்பத்தியைத் தொடங்கியபின் சிமெண்ட் இவ்வட்டாரத்துக்கு அண்மைப் பொருளாயிற்று. 1960களின் தொடக்கத்தில் துலுக்கபட்டியில் மற்றோர் ஆலை இயங்கத் தொடங்கியது. காலப்போக்கில் காரை வீடும் ஓட்டு வீடும் இருந்த இடங்களில் கான்கிரீட் தளமிட்ட வீடுகள் எழுந்தன.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குவதில் வலியது. இழுவிசையைத் தாங்கும் வலிமையோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. கம்பி இழுவிசையை ஏற்று விரிசலின் அகலத்தைக் கட்டுப்படுத்துமேயன்றி, அடிநிலம் சமமின்றி எழுந்து தாழ்வதைத் தடுக்காது. மண்ணோடு அசைந்து, ஆண்டுதோறும் சீர்செய்யப்பட்ட வீட்டின் இடத்தை அசையாதிருக்க வேண்டிய வீடு பெற்றது.

விரிசலின் வகைகள்

எல்லா விரிசலும் மண்ணால் விளைவதன்று. நீராற்றல் குறைந்த பூச்சில் வலைபோல் படரும் மயிரிழை விரிசல் உலர்தலால் வருவது. கம்பியின் போக்கிலேயே நீளும் விரிசல் துருவின் அடையாளம். கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகவோ செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுபோலவோ ஏறி, பருவத்துக்கேற்ப அகன்று குறுகுவதே நில அசைவின் அடையாளம். கோடையில் சுவரோர மண் சுருங்கி விளிம்புகள் தாழ்ந்தால் விரிசல் மேற்புறம் அகன்றிருக்கும். மழையில் விளிம்புகள் உயர்ந்தால் கீழ்ப்புறம் அகன்றிருக்கும்.

இச்சிக்கல் இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. பருக்கும் மண்ணால் அமெரிக்காவில் விளையும் ஆண்டுச் சேதத்தை 1973இல் ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் ஆகிய இருவரும் 230 கோடி டாலர் என மதிப்பிட்டனர்.

அடித்தளத் தொழில்நுட்பமும் பழுதுபார்ப்பும்

விடுதலைக்குப்பின் இச்சிக்கலுக்கு இந்தியாவிலேயே தீர்வுகள் உருவாயின. 1947இல் நிறுவப்பட்ட ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ்போல் அகன்ற 'அண்டர் ரீம்டு பைல்' முறையை நம் கரிசலுக்கேற்ப வளர்த்தெடுத்தது. குமிழின் விட்டம் பொதுவாகத் தண்டின் விட்டத்தைப்போல் 2.5 மடங்கு. ஆழ்ந்த கரிசலில் பருவ ஈர மாற்றம் எட்டாத ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்துக்கு அது இறக்கப்படுகிறது. மண் எழும்பினாலும் முட்டாதவாறு தரைவிட்டத்தின் கீழ் இடைவெளி விடப்படுகிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆர். கே. கட்டி, பருக்கும் மண்ணின்மேல் பருக்காத, ஒட்டுந்தன்மையுள்ள மண்ணை ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிமனில் இறுக்கும் முறையை முன்வைத்தார். சரள்மண் நிரப்பும் வழக்கமும் தகுந்த மண்ணைத் தேர்ந்து நன்கு இறுக்கும்போது இதனை ஒத்த பயன் தரலாம். மணலோ நீரைத் தடையின்றிக் கீழ்க்களிக்குக் கடத்திவிடும்.

கட்டிமுடித்த வீட்டில் பழுதுபார்ப்பின் வரிசைமுறையே முதன்மையானது. விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லை ஒட்டி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கவனித்தல் வேண்டும். சில்லு உடைந்தால் அசைவு தொடர்கிறது எனக் கொள்ளலாம். அடுத்து, வீட்டைச் சுற்றி வெளிச்சரிவுடைய தளம் அமைத்தல், மழைநீரையும் கழிவுநீரையும் சுவரிலிருந்து அகற்றுதல், கசியும் குழாயை மாற்றுதல் ஆகியவற்றால் மண்ணின் ஈரத்தை நிலைப்படுத்த வேண்டும். சுவரருகே நிற்கும் பெருமரத்தைத் திடீரென வெட்டினால், வேர்கள் உறிஞ்சிய ஈரம் மீண்டு மண் எழும்பக்கூடும். அசைவு நின்றபின் சுவரில் கம்பித்தையல் இடலாம். கான்கிரீட்டில் எப்பாக்சி செலுத்தலாம். அசையும் விரிசலில் எப்பாக்சி இட்டால் அதனருகே புதிய விரிசல் தோன்றும். ஈரத்தைச் சீர்செய்தும் அசைவு நில்லாதபோதே அடித்தளத்தை ஆழப்படுத்தும் பெருஞ்செலவுக்குச் செல்வது தகும்.

முடிவுரை

குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் பணி தொடர்கிறது. 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்னும் இலக்குடன் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய வீட்டில் அடித்தளம் பழுதானால் அதனை ஆழப்படுத்தும் செலவை ஏற்கும் வசதி அங்கு வாழ்வோர்க்கு இராது. மண்ணின் பருக்கும் தன்மையை அறியும் சோதனையோ எளியது: பத்துக் கிராம் சலித்த மண்ணை நீரிலும், அதே அளவு மண்ணை மண்ணெண்ணெயிலும் இட்டு, 24 மணி நேரத்துக்குப்பின் இரண்டின் பருமனையும் ஒப்பிட்டால் போதும். செவலையும் கரிசலையும் ஊர்ப்பெயரிலேயே பிரித்துணர்த்திய வட்டாரத்தில், அவ்வேறுபாடு அடித்தள வரைபடத்திலும் இடம்பெற வேண்டும்.