சுட்டுதலும் தடுத்தலும்

திருவனந்தபுரத்திற்குப் புதிதாய் வரும் தமிழருக்குச் சாலைக் கடைத்தெரு வணிகர் வழி கூறுங்கால், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலையே முதல் அடையாளமாகச் சொல்லுவார். அக்கோயில் இராணுவத்தின் பராமரிப்பில் உள்ளது. ஆயினும், அதனை அடையாளமாகச் சுட்டுவதற்கு எவரும் இராணுவத்தினிடம் அனுமதி வேண்டுவதில்லை. உள்ளே செல்வதற்கு விதிகள் உண்டு. இருக்குமிடம் சொல்வதற்கு விதி ஏது? இணையதளங்களைப் பொறுத்தவரையில் மட்டும் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது.

1989ஆம் ஆண்டு ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையமைப்பிற்குத் திட்டம் வகுத்தபோது, ஒரு பக்கத்திலிருந்து வேறொரு பக்கத்தைத் தடையின்றிச் சுட்டலாம் என்பதே அதன் உயிர்நிலையாய் இருந்தது. அக்கொள்கைக்கு முதற் சோதனைகளுள் ஒன்று ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் நேர்ந்தது. 'ஷெட்லாந்து நியூஸ்' என்னும் இணைய ஏடு, 'ஷெட்லாந்து டைம்ஸ்' பத்திரிகையின் செய்தித் தலைப்புகளை அப்படியே எடுத்து வெளியிட்டு, அவற்றின் வழியாக வாசகரை அப்பத்திரிகையின் உட்பக்கங்களுக்கு நேரே அனுப்பிற்று. முகப்பைக் காணாமலே வாசகர் உள்ளே போய்விட்டால் முகப்பிலுள்ள விளம்பரத்தை யார் பார்ப்பார் என்பது பத்திரிகையின் கவலை. நியாயமான கவலையே. 1996 அக்டோபரில் எடின்பரோ நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இறுதித் தீர்ப்புக்கு முன்னரே, 1997 நவம்பரில், செய்தி யாருடையது என்று தெளிவாகக் குறித்தால் இணைப்புத் தரலாம் என இரு தரப்பினரும் உடன்பட்டனர்.

2011இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், இணைப்பு என்பது அடிப்படையில் ஒரு மேற்கோட் குறிப்பே, அதனைத் தருவது மட்டும் வெளியிடுதல் ஆகாது என்று ஓர் அவதூறு வழக்கில் கூறிற்று. பதிப்புரிமையாளரின் இசைவோடு எல்லார்க்கும் திறந்து வைத்திருக்கும் பக்கத்தைச் சுட்ட அனுமதி வேண்டியதில்லை என்பது ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் கண்ட முடிபு. பூட்டிய பக்கத்திற்குக் குறுக்குவழி காட்டுவது வேறு. திருட்டுப் பிரதியென அறிந்தே சுட்டுவதும் வேறு.

நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, இணைப்புத் தரும் பொருட்டு நிகழும் தற்காலிகச் சேமிப்பு, உரிமையாளர் வெளிப்படையாகத் தடுக்காதவரை, மீறல் ஆகாது என்னும் விலக்கு சேர்க்கப்பட்டது. 'தடுக்காதவரை' என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, சுட்டுவதையே தடை செய்யும் உரிமை பிறந்துவிட்டது என்பார் உளர். அவ்விதி பேசுவது சேமிப்பைப் பற்றி. எதையும் சேமிக்காமல் முகவரி மட்டும் சொல்பவரை அது கட்டுப்படுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

இக்குழப்பத்திற்கு மொழிபெயர்ப்பும் ஓரளவு காரணம் எனலாம். 'லிங்க்' என்பதை 'இணைப்பு' என்கிறோம். உடனே இரு பொருள்கள் ஒட்டிக்கொண்டன போன்ற மயக்கம் உண்டாகிறது. 'சுட்டி' என்பதே பொருத்தம். அ, இ, உ என்னும் நம் சுட்டெழுத்துகள் எப்பொருளையும் காட்டும், எதனையும் உடைமையாக்குவதில்லை.

வெளிமாநிலத் தமிழர்க்கு இது ஏட்டுச் சட்டம் அன்று. சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றுக்குரிய அரசுப் பக்கங்களின் முகவரிகளைத் தொகுத்துத் தரும் சங்கம், முன் அனுமதி கோரும் ஒரு வரியைக் கண்டு அஞ்சி அவற்றை நீக்கிவிட்டால், விண்ணப்பிக்க வழி தெரியாதவரே இடர்ப்படுவார். அரசுத் தளங்களுக்கென 2009இல் வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பட்டன. தேசிய இணைய வாயிலின் கொள்கையோ, நேரே இணைக்க முன் அனுமதி தேவையில்லை, தெரிவித்தால் நன்று, தன் பக்கங்களைப் பிறர் சட்டகத்துக்குள் வைத்துக் காட்டலாகாது என்கிறது. முன் அனுமதி கேட்கும் துறைத் தளங்களும் உள. அத்தகைய தளத்திற்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, துறையின் பெயரைத் தெளிவாகக் குறித்து, பக்கம் தனிச் சாளரத்தில் திறக்குமாறு சங்கத்தார் தம் பட்டியலை வைத்திருக்கலாம்.