உறையூர் கற்பித்த நாகரிகம்

சோழர் தலைநகராம் உறையூருக்கு, நலங்கிள்ளியிடமிருந்து வந்தார் புலவர் இளந்தத்தன். ஒற்றர் என்று ஐயுற்றான் நெடுங்கிள்ளி, கொல்லத் துணிந்தான். குறுக்கே நின்றவர் கோவூர்கிழார். பெற்ற பரிசிலை உண்டும் வழங்கியும் வாழும் புலவர் பிறர்க்குத் தீங்கு எண்ணார். மன்னர்க்குள்ள பெருமிதம் அவர்க்கும் உண்டு என்று பாடினார். புலவர் பிழைத்தார். புறநானூற்றின் 47ஆம் பாட்டும் அதன் பழங்குறிப்பும் கூறும் செய்தி இது.

அன்று வந்தவரை அளந்தது ஐயம்; இன்று அளப்பது சாதி! தண்ணீர் தருமுன், "எந்தத் தெரு?" என்று கேட்கும் வழக்கம் மாய்ந்ததா? தீண்டாமை ஒழிந்ததென 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு அறிவித்தது. உள்ளத்தைத் திருத்துவது நம் கடனன்றோ? கைகூப்புவது மட்டும் நாகரிகமன்று தோழர்களே. வந்தவரை நமக்கு நிகராய் நாம் மதிப்பதே நாகரிகம்.