லீசா கணினியின் திரைமாற்றம்

பழம்பொருள்களைக் கொண்டு சரித்திரங் காணப் புகுவோர், ஒரு பொருள் தோன்றியவாறே நமக்குக் கிடைத்துளதா, இடையிலே திருத்தம் பெற்றுளதா என்பதை முதற்கண் துணிதல் வேண்டும். ஏட்டுச் சுவடிகளுக்குரிய இவ்விதி இயந்திரங்களுக்கும் ஒக்கும். அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் செய்த லீசா என்னுங் கணினியின் திரை இதற்குத் தக்க சான்றாகும்.

லீசா 1983 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் 9,995 டொலர் விலையில் வெளிவந்தது. அதன் 12 அங்குலத் திரையிலே கிடையாக 720 புள்ளிகளும் நிலைக்குத்தாக 364 புள்ளிகளும் அமைந்திருந்தன. ஓரங்குலத்துக்குக் கிடையாக 90, நிலைக்குத்தாக 60 என்பது கணக்கு. எனவே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தினும் ஒன்றரை மடங்கு உயரமுடையது. எட்டங்குல நீளமுள்ள வரியொன்றை முழுமையாகத் திரையிற் காட்ட இவ்வமைப்பு உதவிற்று. லீசாவுக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் இதனையறிந்து, வட்டத்தை வட்டமாகவே வரைந்தன.

1984 இல் அதே நிறுவனம் மக்கின்ரோஷ் கணினியை வெளியிட்டது. அதன் புள்ளிகள் சதுரமானவை. விலையோ 2,495 டொலர். லீசாவின் விற்பனை மந்தமாகவே, மக்கின்ரோஷின் மென்பொருள்களை அதிலும் இயக்க 'மக்வேர்க்ஸ்' என்னும் மென்பொருள் வழங்கப்பட்டது. 1985 சனவரியில் லீசா 'மக்கின்ரோஷ் எக்ஸ்எல்' எனப் பெயரும் பெற்றது. பெயர் மாறினும் திரை மாறவில்லை. சதுரப் புள்ளிக்கென வரைந்த வட்டம் அத்திரையிலே நெடிய முட்டை வடிவாயிற்று.

இக்குறையை நீக்குதற்குத் திரைமாற்றுத் தொகுதியொன்று விற்கப்பட்டது. கணினி தொடங்குங்கால் முதலிற் படிக்கும் கட்டளைகளைத் தாங்கிய றொம் சில்லும், திரைச்சுற்றின் உறுப்புக்கள் சிலவும் மாற்றப்பட்டன. அதன்பின் திரை 608க்கு 431 ஆயிற்று, புள்ளிகளுஞ் சதுரமாயின. இவ்விடத்து ஒரு கணக்கு நோக்கத்தக்கது. முன்னைய திரையின் மொத்தப் புள்ளிகள் 262,080, பின்னையதில் 262,048. இரண்டும் 32 கிலோபைற்று நினைவகத்துள், அஃதாவது 262,144 இலக்கங்களுள், அடங்குவன. ஆகவே இருந்த இடமே வேறுவகையாகப் பங்கிடப்பட்டதென்க.

ஆயின் இதற்கு ஈடாக இழந்தது பெரிது. புதிய றொம் பொருத்திய கணினியிலே லீசாவின் சொந்த இயக்க முறைமை இயங்காது. உடல் லீசாவாயிருந்தும், 1983 இல் உலகங் கண்ட லீசாவின் முகத்தை அது காட்டமாட்டாது. 1985 இல் உற்பத்தி நின்றது. 1989 இல் விற்பனையாகாத ஏறத்தாழ 2,700 லீசாக்கள் யூற்றா மாநிலத்து லோகன் நகரிலே குப்பை நிலத்திற் புதைக்கப்பட்டன. எஞ்சியவை சிலவாதலின், அவை ஒவ்வொன்றின் நிலையும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாததாகின்றது.

மாற்றஞ் செய்தோரைக் குறைகூறுதல் முறையன்று. அவர்க்கு லீசா அன்றாடக் கருவி, பயன்படுமாறு திருத்தினர். மாற்றம் பெற்ற கணினி 1985 ஆம் ஆண்டின் நெருக்கடிக்கு நேர்ச்சான்றுமாகும். ஆனால் இன்று அதனைப் பேணுவோர், கழற்றிய பழஞ் சில்லுகளையும் உறுப்புக்களையும் உடன்வைத்துக் காத்தலும், எது முதலமைப்பு, எது பின்னையதென எழுதி வைத்தலும் கடனாம். அவை தொலையுமாயின், திருத்திய பாடத்தையே மூலபாடமெனக் கொள்ளும் மயக்கம் வருங்காலத்தார்க்கு நேரும்.