தலைப்பாகையும் நீராவி இயந்திரமும்

பதுளைப் புகையிரதப் பாதையிலுள்ள தெமோதரை நிலையத்தைப் பற்றி மலைநாட்டில் ஒரு கதை வழங்குகின்றது. செங்குத்தான சரிவில் பாதையை எவ்வாறு இறக்குவது என்று பொறியியலாளர் திகைத்து நின்றாராம். அருகில் நின்ற கங்காணி தம் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினாராம். அதைக் கண்டதும் அவருக்கு வழி புலப்பட்டதாம். கதை மெய்யோ புனைவோ, பாதை இன்றும் சான்றாகக் கிடக்கின்றது. நிலையத்தை விட்ட தண்டவாளம் குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுள் நுழைகின்றது. கதையை நம்பினால், இப்பாதையின் முதல் மாதிரியுரு ஒரு கங்காணியின் தலைத்துணியே.

இலங்கையின் முதற் புகையிரதம் 1864 டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது. 1867இல் கண்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை எனப் பாதை மலையேறிற்று. அங்கிருந்து பதுளை ஏறக்குறைய 20 மைல். அதனைக் கடக்க 30 ஆண்டுகள் சென்றன. 1924 ஏப்பிரல் மாதத்திலேதான் பாதை பதுளையை அடைந்தது. அதுகாறும் பதுளைப் பகுதித் தோட்டங்களின் தேயிலை தெருவழியே மேலேறித்தான் வண்டியைச் சேரவேண்டியிருந்தது.

44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றமும் நெருங்கிய வளைவுகளும் உடையது மலைப்பாதை. வலிய இயந்திரம் வேண்டுமாயின் அது நீளும்; நீண்டதோ வளைவில் திரும்பாது. இச்சிக்கலைத் தீர்த்தவர் ஆங்கிலேயரான ஹேர்பேர்ட் வில்லியம் கரட். கொதிகலத்தை நடுவே தொங்கவிட்டு, அதன் இரு முனைகளையும் தனித்தனியே திரும்பவல்ல இரண்டு சக்கரத் தொகுதிகள் தாங்குமாறு அவர் அமைத்தார். பாரம் பல அச்சுகளில் பரவிற்று. கொதிகலத்தின் அடியில் சக்கரம் இல்லாமையால் அடுப்பையும் அகலமாக்க முடிந்தது. மான்செஸ்டர் பேயர் பீக்கொக் தொழிற்சாலையில் உருவான இவ்வகை இயந்திரம் ஒன்று 1927இலும், மேலும் எட்டு 1945இலும் இலங்கையின் அகலப் பாதைக்கென ஆக்கப்பட்டன.

இவ்வியந்திரத்தை அடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் அளவில் சிற்றுருவாக்குவோர் முதலில் தண்டவாளத்திலேயே தடைப்படுவர். அந்த அளவில் இலங்கையின் ஐந்தரையடிப் பாதை 22 மில்லிமீற்றர் ஆகும். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பதோ பதினாறரை மில்லிமீற்றர்ப் பாதை. ஆகவே தண்டவாளத்தையும் தம் கையாலேயே அமைத்தாக வேண்டும். எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே 91 மீற்றர் நீண்டு நிற்கும் ஒன்பது வளைவுப் பாலமோ 120 சென்ரிமீற்றருள் அடங்கிவிடும். ஆயின் ஏற்றம் மட்டும் சிறுப்பதில்லை. சிற்றுருவிலும் அது 44க்கு ஒன்றே.

சுருங்காதது வேறொன்றும் உண்டு. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தேயிலை சென்ற அதே தண்டவாளத்தின் வழியே, தேயிலையை வளர்த்த குடும்பங்களும் தகரப் பெட்டிகளுடன் தலைமன்னாரை நோக்கிச் சென்றன. கோச்சி என்று அவர்கள் அழைத்த அந்த வண்டி புறப்பட்டபோது, ஏறியவரும் அழுதனர், நின்றவரும் அழுதனர். இயந்திரத்தின் ஒவ்வோர் ஆணியையும் அளந்து சிற்றுரு செய்வோர், மேடையில் நின்ற அம்மனிதருக்கும் ஓரிடம் வைப்பாராயின், வரலாறு அங்கே நிறைவுறும்.