இலைச்சுருட்டி அந்துப்பூச்சிகள்: பெயரும் வகைப்பாடும் வந்த வழி

இலைச்சுருட்டி அந்துப்பூச்சிகள் என்பவை செதிலிறகிகள் வரிசையில் டார்ட்ரிசிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பூச்சிகள் ஆகும். வண்ணத்துப்பூச்சிகளும் இதே வரிசையைச் சேர்ந்தவையே. இக்குடும்பத்தில் இதுவரை 11,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இறகை விரித்து அளந்தால் பெரும்பாலானவை 1 முதல் 3 செ.மீ. வரையே இருக்கும். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். முன்னிறகின் நுனி கத்தரித்துவிட்டது போன்ற அமைப்பு. இறகுகளை மடித்து உட்கார்ந்திருக்கும்போது மேலிருந்து பார்த்தால் ஒரு சிறு மணியின் உருவம் தெரியும்.

லத்தீன் மொழியில் முறுக்குதலைக் குறிக்கும் வினையிலிருந்து டார்ட்ரிக்ஸ் என்ற பெயர் வந்தது. புழுப் பருவத்தில் இலையை முறுக்கிச் சுருட்டி அதனுள் வாழ்வதால் இப்பெயர். ஆனால் பெயரை அப்படியே நம்பினால் மாணவர் இரண்டு பிழைகளில் விழுவர். இலையைச் சுருட்டும் புழுக்கள் எல்லாம் இக்குடும்பத்தவை அல்ல. இக்குடும்பத்தவை எல்லாம் இலையைச் சுருட்டுவதும் இல்லை. நம் வயலில் நெல் இலையை மடக்கும் புழு வேறொரு குடும்பம். ஆப்பிள் பழத்தைத் துளைக்கும் புழுவும், மெக்சிகோவில் விதைக்குள் இருந்துகொண்டு அந்த விதையையே தரையில் துள்ளவைக்கும் புழுவும் டார்ட்ரிசிடே குடும்பத்தவை. தொழிலை வைத்துப் பெயரிடுவதா, உறவை வைத்து வகுப்பதா என்ற கேள்வி இப்பூச்சிகளின் வரலாறு நெடுகிலும் உண்டு.

லின்னேயஸ் வைத்த விகுதிகள்

1758இல் வெளிவந்த "சிஸ்டமா நேச்சுரே" பத்தாம் பதிப்பில் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ், பருந்து அந்துப்பூச்சிகள் நீங்கலாகப் பெரும்பாலான அந்துப்பூச்சிகளை ஃபலேனா என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். பிறகு அதைச் சில பிரிவுகளாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்று டார்ட்ரிசஸ்.

இங்கே அவர் செய்த ஓர் ஏற்பாடு ஆசிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும். பிரிவுகள் பலவற்றின் இனப்பெயர்களுக்குத் தனித்தனி விகுதி வைத்தார். டார்ட்ரிசஸ் பிரிவுக்கு "ஆனா", பைராலிடஸ் பிரிவுக்கு "ஆலிஸ்", டினியே பிரிவுக்கு "எல்லா". பெயரின் கடைசி அசையைக் கேட்டாலே பூச்சி எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். ஐரோப்பாவின் ஓக் மரங்களில் இலை சுருட்டும் பச்சை அந்துப்பூச்சி டார்ட்ரிக்ஸ் விரிடானா ஆனது இப்படித்தான். பின்வந்தவர்களும் நெடுங்காலம் இவ்வழக்கைப் பின்பற்றினர்.

ஆயினும் முதல் பிழையை லின்னேயஸே செய்துவிட்டார். ஆப்பிள் துளைப்பானை அவர் டினியே பிரிவில் வைத்துப் பொமோனெல்லா என்று பெயரிட்டார். பொமோனா ரோமானியரின் பழத் தெய்வம். பிற்காலத்தில் அது டார்ட்ரிசிடே குடும்பத்துக்கு மாற்றப்பட்டது. ஆனால் முதலில் வைத்த இனப்பெயரை மாற்றக் கூடாது என்பது விதி. எனவே இன்று சைடியா பொமோனெல்லா என்ற பெயரில் 1758ஆம் ஆண்டின் தவறும் சேர்ந்தே வாழ்கிறது.

குடும்பம் என்ற நிலையில் இப்பூச்சிகளைத் தனியே நிறுத்தியவர் பிரான்சு நாட்டின் லாட்ரேய். அது 1802ஆம் ஆண்டு.

சுருளுக்குள் வாழ்வு

தன் உடலைவிடப் பல மடங்கு பெரிய இலையைப் புழு எப்படிச் சுருட்டுகிறது? அதற்கு வலிமை தேவையில்லை. தலையை இடமும் வலமுமாக ஆட்டி, இலையின் இரு பகுதிகளுக்கு இடையே பட்டிழைகளை ஓட்டுகிறது. நீட்டி ஒட்டப்பட்ட இழை சுருங்க முயலும். ஓர் இழையின் இழுப்பு மிக அற்பம். இழைகள் பலவாகச் சேரும்போது இலை விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக வளைகிறது. முந்தைய இழைகள் தளரும் நேரத்தில் புதிய இழைகள் அந்த வளைவைப் பிடித்துக்கொள்கின்றன. கயிற்றுக்கட்டில் பின்னுபவர் ஒவ்வொரு சுற்றிலும் இழுத்து இறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

சுருளுக்குள் ஈரம் காக்கப்படுகிறது. பறவையின் கண்ணுக்குப் புழு தப்புகிறது. சில செடிகளில் சுருண்ட இளம் இலை வெயில் படாமல் மென்மையாகவே இருப்பதால் தின்பதற்கும் எளிது. வீடே உணவு. ஆனால் மூடிய வீட்டில் கழிவு சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். அதன் வாடை எதிரிகளை அழைத்துவிடவும் கூடும். இதற்கும் வழி உண்டு. இக்குடும்பத்துப் புழுக்கள் பலவற்றுக்கு மலவாயை ஒட்டிச் சீப்பு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. கழிவு உருண்டையை அதனால் சுண்டித் தொலைவில் எறிந்துவிடுகின்றன.

சுருளைப் பிரித்தால் புழு விருட்டென்று பின்னோக்கித் துள்ளி, ஓர் இழையில் தொங்கி இறங்கும். ஆபத்து நீங்கியதும் அதே இழையைப் பற்றி மேலேறும்.

கூட்டுப்புழுப் பருவமும் பெரும்பாலும் சுருளுக்குள்தான். அதன் வயிற்றுக் கண்டங்களின் முதுகில் வரிசையாக நுண்முட்கள் இருக்கும். அந்துப்பூச்சி வெளிவரும் வேளையில் கூட்டுப்புழு இம்முட்களை ஊன்றி ஊன்றி நகர்ந்து, பாதி உடலைச் சுருளுக்கு வெளியே நீட்டும். பிறகே தோல் வெடிக்கும். காலியான கூட்டுத்தோல் சுருளிலிருந்து பாதி நீட்டிக்கொண்டிருப்பதை நுண்ணோக்கி இல்லாமலே மாணவர்கள் காணலாம்.

நெல் இலை மடக்கும் புழு

நம் உழவர்கள் இலைச்சுருட்டுப் புழு என்று சொல்வது நாஃபலோக்ரோசிஸ் மெடினாலிஸ் என்ற இனத்தின் புழுவை. நெல் இலையின் இரு விளிம்புகளையும் நீளவாக்கில் இணைத்து, உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். இலையில் வெண்கோடுகள் விழும். தாக்குதல் மிகுந்தால் வயலே வெளிறித் தெரியும். பயிரின் மேல் கயிற்றையோ முள் கிளையையோ இழுத்து மடிப்புகளைக் கலைப்பது பழைய வழக்கம்.

இதற்குப் பெயரிட்டவர் கேனே என்ற பிரெஞ்சு அறிஞர், 1854இல். விகுதியைக் கவனியுங்கள்: மெடினாலிஸ். "ஆலிஸ்" என்றாலே பைராலிடஸ் வழி வந்தது என்று பொருள். இன்று அவ்வழியில் கிராம்பிடே குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது. இவற்றின் வயிற்றின் அடிப்பகுதியில் செவி போன்ற உறுப்புகள் உண்டு; வௌவாலின் மீயொலியை அவற்றால் உணரலாம். டார்ட்ரிசிடே பூச்சிகளுக்கு அத்தகைய செவி இல்லை. உறிஞ்சுகுழலின் அடியில் கிராம்பிடேவுக்குச் செதில்கள் இருக்கும், டார்ட்ரிசிடேவுக்கு இருக்காது. இலை சுருட்டும் கலையை இவ்விரு வழியினரும் தனித்தனியே கற்றுக்கொண்டனர்.

உழவரின் பெயர் தவறு என்று நான் சொல்லவில்லை. வயலில் அவருக்குத் தேவையானது புழு செய்யும் வேலையின் பெயர்தான். தேர்வுத்தாளில் மட்டும் இரண்டையும் குழப்பக் கூடாது.

பள்ளி ஆசிரியர் எட்வர்ட் மெய்ரிக்

இப்பூச்சிகளின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் எட்வர்ட் மெய்ரிக் (1854–1938). இங்கிலாந்தின் மார்ல்பரோ கல்லூரி என்ற பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர். அதற்கு முன் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சில ஆண்டுகள் பள்ளிப் பணி செய்தார். வகுப்பு முடிந்த நேரங்களிலும் ஓய்வுக்குப் பின்னும் சிறு அந்துப்பூச்சிகளை ஆராய்ந்து 14,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டார். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அவருக்குப் பூச்சிகள் சென்றன. தேயிலைக் கொழுந்தைச் சுருட்டும் ஒரு புழுவுக்கு லியூகோஸ்டோமா என்று அவர் 1912இல் பெயரிட்டார். கிரேக்கத்தில் "வெண்வாய்" என்று பொருள். துவரையின் நுனி இலைகளைப் பிணைக்கும் புழுவின் கிரிட்டிகா என்ற பெயரும் அவர் வைத்ததே.

அவரும் ஆசிரியர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு சாய்வு உண்டு. இருந்தாலும் குறையையும் சொல்ல வேண்டும். இறகின் நரம்பமைப்பையே அவர் பெரிதும் நம்பினார். பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகளை அறுத்துப் பார்த்து இனம் பிரிக்கும் முறை அவர் காலத்திலேயே வளர்ந்துவிட்டது. இங்கிலாந்திலேயே பியர்ஸ், மெட்காஃப் இருவரும் 1922இல் பிரிட்டிஷ் டார்ட்ரிசிடே பூச்சிகளின் அவ்வுறுப்புகளைப் படங்களுடன் நூலாக வெளியிட்டனர். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கார்ல் ஹைன்ரிக் அதே வழியில் பெரியதொரு நூல் எழுதினார். மெய்ரிக் அவ்வழியை ஏற்கவில்லை. 1912 முதல் 1937 வரை அவர் வெளியிட்ட "எக்சாட்டிக் மைக்ரோலெபிடோப்டெரா" தொகுதிகளில் படங்களும் இல்லை. சொற்களால் மட்டும் விவரிக்கப்பட்ட பழுப்புப் பூச்சிகளைப் பின்னால் வந்தவர்கள் எப்படி அடையாளம் காண்பது?

வழி ஒன்றுதான் இருந்தது. மெய்ரிக் பெயரிட்ட அதே பூச்சிகளை எடுத்து, அறுத்து, படம் பிடிக்க வேண்டும். அமெரிக்கரான கேட்ஸ் கிளார்க் லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த அத்தொகுப்பை ஆராய்ந்து, 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகள் வெளியிட்டார். ரஷ்யாவில் பிறந்து, ஜாவாவில் பணியாற்றி, பின் லைடன் அருங்காட்சியகத்தில் சேர்ந்த அலெக்சி டயகோனாஃப், தெற்காசிய இனங்களில் ஒரு பெரும் பகுதியைச் சீர்செய்து 1973இல் நூலாக்கினார்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூன்று குடும்பங்களாக எழுதப்பட்டவை இன்று ஒரே டார்ட்ரிசிடேவுக்குள் அடங்கிவிட்டன. இப்போது துணைக்குடும்பங்கள் மூன்று: டார்ட்ரிசினே, ஒலித்ரூட்டினே, கிளிடனோட்டினே. முதல் துணைக்குடும்பத்தவை பெரும்பாலும் முட்டைகளைத் திரளாக, மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இடும். இரண்டாவது துணைக்குடும்பத்தவை தனித்தனியாக இடும். பெண்பூச்சி ஆணை அழைக்கச் சுரக்கும் வேதிப்பொருளிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. முதலாவதில் 14 கரி அணுக்கள் கொண்ட தொடர்கள் மிகுதி, இரண்டாவதில் 12. உருவத்தைப் பார்த்துப் பிரித்த பிரிவுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து வேதியியலும் சான்று சொல்லியது.

காப்பியின் பெயர், தேயிலையின் பகை

இந்த வகைப்பாட்டு வேலையால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இலங்கை மலைநாட்டின் கதையைச் சொல்லலாம்.

அங்கே தேயிலை இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் டார்ட்ரிசிடே இனத்தின் பெயர் ஹோமோனா காஃபியேரியா. தேயிலைப் பூச்சிக்குக் காப்பியின் பெயர் ஏன்? இலங்கையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த நீட்னர் என்ற ஜெர்மானியர் 1861இல் காப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி எழுதியபோது இதற்குப் பெயரிட்டார். அன்று மலையெங்கும் காப்பிதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் காப்பித் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இடம் மாறாத பூச்சி, உணவை மாற்றிக்கொண்டது.

பெண்பூச்சி முற்றிய தேயிலை இலையின் மேற்பரப்பில் முட்டைத் திரளை இடும். பொரித்த சிறு புழுக்கள் இழையைப் பிடித்துக் காற்றில் பரவி, கொழுந்துக்குள் புகும். வளர வளரப் பல இலைகளைப் பிணைத்துக்கொள்ளும். தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு இது வெறும் பூச்சிப் பாடம் அல்ல. கூடையின் எடை குறையும் விஷயம். முட்டைத் திரள்களைக் கையால் பறித்து அழிப்பதே நெடுங்காலம் தீர்வாக இருந்தது.

1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் வேறு வழி தேடியது. ஜாவாவிலும் இதே ஹோமோனா உண்டு. அங்கே அதன் புழுவுக்குள் முட்டையிடும் மேக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற ஒட்டுண்ணிக் குளவியும் உண்டு. 1935–36இல் அக்குளவி இலங்கைக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. அது மலைநாட்டில் நிலைத்துப் பரவி, பூச்சியின் பெருக்கத்தை அடக்கியது. உயிரியல் முறைக் கட்டுப்பாட்டின் சிறந்த வெற்றிகளுள் ஒன்றாக இது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. உறவு பார்த்து வகுத்த அறிவு இங்கேதான் பயன்பட்டது. இலையைச் சுருட்டும் ஏதோ ஒரு புழுவின் குளவியைத் தேடியிருந்தால் இந்த வெற்றி கிடைத்திராது. ஜப்பானின் தேயிலையைத் தாக்கும் நெருங்கிய உறவினத்தையே டயகோனாஃப் 1948இல் தனி இனமாகப் பிரித்தார் என்பதை நினைத்தால், பொருத்தம் பார்ப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பது விளங்கும்.

பிறகு டீல்ட்ரின் வந்தது. தேயிலையின் கிளைகளைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிப்பதற்காக அந்தப் பூச்சிக்கொல்லியைத் தெளித்தனர். வண்டு குறைந்தது. ஆனால் குளவியும் மடிந்தது. சுருளுக்குள் மறைந்திருந்த ஹோமோனா புழு தப்பிப் பெருகியது. எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. மருந்து நேரே படாமல் காக்கும் கூரைக்குள் புழு இருக்கிறது. அதைத் தேடி இலை இலையாக அலையும் குளவிக்குக் கூரை இல்லை. டீல்ட்ரின் தெளிப்பு கைவிடப்பட்ட பின்னரே குளவி மெல்ல மீண்டது. அதன்பின் மலைநாட்டில் தண்டு துளைக்கும் வண்டுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போதெல்லாம், அது மேக்ரோசென்ட்ரஸ் குளவியைக் கொல்லுமா என்ற கேள்வியும் சேர்த்தே கேட்கப்பட்டது.